உத்தேச வயது: பூண்டுலோயாக் குறிப்புகள்

ஊரில் இங்கிலீஷ் படிப்பித்தவன் என்று ஒரு பெயர் இருந்துவிட்டால் ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் விடமாட்டார்கள். முன்பு வங்கிக் கடிதமும் வெளிநாட்டு ஏஜென்சிக் காகிதமும் வரும். இப்போது ஸ்கேன் ரிப்போர்ட் வருகிறது. டன்சினன் தோட்டப் பக்கத்திலிருந்து ஒருவர் தம் தாயாரின் எம்.ஆர்.ஐ. படத்தைப் பெரிய கவரோடு கொண்டுவந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பேரும் பார்த்தோம். அவருக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. ரிப்போர்ட்டில் இருந்தது நாலே வரி. மூளை வயதுக்கேற்றபடி சுருங்கியிருக்கிறது. உள்ளே சின்ன இரத்தக்குழாய்கள் பழுதானதால் வந்த வெள்ளைத் திட்டுகள் உண்டு. இரத்தக் கசிவு இல்லை. கட்டி இல்லை.

"அப்ப அம்மாவுக்கு ஒன்னும் இல்லையா சேர்?"

அம்மா கொழுந்து பறிக்கும் வேலையை விட்டுப் பல வருஷமாகிறது. ஆனால் சாமத்தில் எழும்பி, பெரட்டுக்கு நேரமாச்சு என்று கூடையைத் தேடுகிறார். சொந்தப் பேத்தியைப் பார்த்து "நீ யாரு வீட்டுப் புள்ள?" என்கிறார். ஒன்றும் இல்லை என்று அந்த ரிப்போர்ட் சொல்லவில்லை. மறதி நோய் என்றும் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு அவருக்கு என்ன பதில் சொல்வது? அதற்காக வாசித்ததும் விசாரித்ததும்தான் இந்தக் குறிப்புகள்.

*

"வயதுக்கேற்றபடி" என்பதில் எந்த வயது?

அடையாள அட்டையில் இருப்பது லயத்தில் பிறந்தவருக்குப் பின்னாளில் பதிந்த வயது. இங்கே அந்தத் தலைமுறையில் பலரிடம் இருப்பது பிறப்புச் சான்றிதழ் இல்லை, உத்தேச வயதுச் சான்றிதழ். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை போயிற்று. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது, யார் இந்தியாவுக்கு, யார் இலங்கைக்கு என்று விண்ணப்பம் நிரப்பிய காலத்திலும் வயதை ஊகித்து எழுதியவர்கள் உண்டு. "இன்ன தொரை வந்த வருசம் பொறந்தவ", "பெரிய வெள்ளத்துக்கு முந்தி" என்றெல்லாம் பெரியவர்கள் சொல்வார்கள். கிளார்க் ஓர் எண்ணைப் போடுவார்.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஸ்கேன் பார்க்கிற டொக்டருக்கு இது சின்ன விஷயமே இல்லை. நெற்றிப்பொட்டுக்கு நேர் உள்ளே, மூளையின் அடிப்பக்கமாக ஹிப்போகாம்பஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. புதிதாக நடந்ததை முதலில் பதிந்துகொள்கிற இடம் அது. அல்ஸைமர் நோய் பெரும்பாலும் அந்த வட்டாரத்தில்தான் ஆரம்பிக்கிறது. நெதர்லாந்து நரம்பியல் மருத்துவர் ஃபிலிப் ஷெல்டன்ஸ் 1992இல் அந்தப் பகுதியைக் கண்ணால் பார்த்துப் புள்ளி போடுகிற முறை ஒன்றைக் கொண்டுவந்தார். சுருக்கமே இல்லையென்றால் 0, மிக மோசமென்றால் 4. இன்றைக்கும் உலகமெங்கும் அதைத்தான் பார்க்கிறார்கள். 75 வயதுக்குக் கீழே என்றால் 2 வந்தாலே சந்தேகம். 75ஐத் தாண்டியவருக்கு 2 என்றால் வயசு என்று விட்டுவிடுவார்கள், 3 வந்தால்தான் யோசிப்பார்கள்.

அட்டையில் 77 போட்டிருக்கிறது, உண்மையில் 71 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே படம், அதே சுருக்கம். ஒரு வயதுக்கு நோய், இன்னொரு வயதுக்கு முதுமை. குடியுரிமைச் சட்டத்தின் மிச்சம் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் வரைக்கும் வந்து நிற்கிறது.

*

ஒரு படத்தைவிட இரண்டு படம் மேல். சுகமாக இருக்கிற முதியவருக்கு ஹிப்போகாம்பஸ் வருஷத்துக்கு 1 - 2 சதவீதம் சுருங்கும். அல்ஸைமர் வந்தவருக்கு 3 - 5 சதவீதம். ஒரு வருஷ இடைவெளியில் எடுத்த இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வயது தெரியாவிட்டாலும் வேகம் தெரியும். ஆனால் முதல் படம் எடுக்கவே இத்தனை பாடுபட்டவர்களை அடுத்த வருஷமும் போகச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

*

அந்தப் பாட்டை மகன் சொன்னபடி எழுதி வைக்கிறேன்.

பூண்டுலோயாவிலிருந்து முதல் பஸ். கொத்மலை, கம்பளை வழியாக இறங்கிப் போனால் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். திகதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆயிற்று. போன அன்றைக்கு முதல் தகராறு மூக்குத்தி. காந்த அறைக்குள் உலோகம் கூடாது. அம்மாவின் மூக்குத்தி கலியாணத்துக்கு முந்திப் போட்டது, ஒருநாளும் கழற்றியதில்லை. திருகாணி அழுக்கேறி இறுகிவிட்டது. நர்ஸம்மா தேங்காய் எண்ணெய் தொட்டுத் தொட்டுத் திருகிப் பார்த்தார். அம்மா கத்திய கத்தில் வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவழியாக அது வந்த பிறகு தாலி. தங்கமும், அதில் கோர்த்த இரண்டு ஊக்கும். அப்பா உயிரோடு இருக்கும்போது தாலியைக் கழற்றுவதா? மருமகள் வெளியே ஓடி மஞ்சள் கயிறும் மஞ்சள் கிழங்கும் வாங்கி வந்து, முதலில் அதைக் கட்டி, பிறகுதான் இதைக் கழற்றினார்.

மறதி முற்றி, பெற்ற மகனின் பெயர் சில நேரம் தவறுகிற ஒருவருக்கு இது மட்டும் தவறவில்லை.

உள்ளே எந்திரம் போடுகிற சத்தத்தில் பலர் பயந்து அசைந்துவிடுவார்கள். அசைந்தால் படம் கலங்கும், மயக்க ஊசி போட வேண்டிவரும். அம்மா தூங்கிவிட்டார். கேட்டதற்கு "ஸ்டோர்ல ரோலர் ஓடுற மாதிரி இருந்திச்சு" என்றாராம். கொஞ்ச காலம் தேயிலை ஸ்டோரில் வேலை செய்தவர்.

*

எம்.ஆர்.ஐ.க்கு முந்தி வந்தது சி.டி. ஸ்கேன். அது பிறந்த கதை எனக்குப் பிடித்தமானது. இசைத்தட்டு விற்ற ஈ.எம்.ஐ. கம்பெனியில் வேலை பார்த்த பொறியியலாளர் கொட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் செய்த கருவி அது. 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி லண்டனில், விம்பிள்டன் பகுதி ஆஸ்பத்திரி ஒன்றில் முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்தார்கள். 1979இல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் அலன் கோர்மக்குக்கும் நொபெல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்னால், உயிரோடு இருக்கிறவரின் மூளை சுருங்கியிருக்கிறதா என்று பார்ப்பதென்றால் முதுகுத்தண்டில் ஊசி குத்திக் காற்றை ஏற்றி எக்ஸ்ரே எடுக்க வேண்டும். தலைவலியில் நோயாளி துடித்துப் போவார்.

*

நோய்க்குறி தெரிய முன்னமே கண்டுபிடிப்பது என்று பத்திரிகைகள் எழுதுவது பெரும்பாலும் பெட் ஸ்கேனைப் பற்றி. அல்ஸைமர் நோயில் அமிலோயிட் என்கிற புரதம் மூளையில் படிகிறது. அதில் போய் ஒட்டிக்கொள்கிற கதிரியக்க மருந்து ஒன்றை அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கிளங்க், செஸ்டர் மத்திஸ் இருவரும் செய்தார்கள். முதன்முதலாக மனிதருக்கு ஏற்றிப் பார்த்தது 2002இல், சுவீடனில் உப்சாலாவில். அதுவரைக்கும் ஆள் இறந்து, மூளையை அறுத்து, சாயமேற்றிப் பார்த்தால்தான் அமிலோயிட் தெரியும்.

அந்த முதல் மருந்தில் இருந்த கார்பன்-11 இருபது நிமிஷத்தில் பாதியாகிவிடும். செய்கிற எந்திரம் அதே கட்டடத்தில் இருந்தாக வேண்டும். பிறகு ஃப்ளோரின்-18 சேர்த்த மருந்துகள் வந்தன. அவற்றுக்கு 110 நிமிஷம். 2012இல் அமெரிக்கா முதலாவதை அனுமதித்தது. 110 நிமிஷம் என்பதைப் பூண்டுலோயாக் கணக்கில் பார்த்தேன். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் அந்த நேரத்துக்குள் கண்டி கூடப் போய்ச் சேர முடியாது.

மகரகமை அபேக்ஷா வைத்தியசாலையில் பெட் ஸ்கேன் இருக்கிறது. ஜனங்களிடம் காசு சேர்த்து வாங்கிக் கொடுத்தது. அது புற்றுநோய்க்கு. அங்கேயும் வரிசை நீளம். மறதிக்காக அந்த வரிசையில் போய் நில்லுங்கள் என்று யாரும் சொல்லக்கூடாது.

*

அமிலோயிட் படிவது மறதி தொடங்க 15, 20 வருஷத்துக்கு முன்பே ஆரம்பிக்கிறதாம். 55 வயதில் ஸ்கேன் எடுத்தால் 75இல் வரப்போவது தெரியும் என்று ஆசைப்படலாம். ஆனால் படிவு இருந்தும் நோய் வராமலே போய்ச் சேருகிறவர்கள் நிறைய. நல்ல நினைவோடு இருக்கும் முதியவர்களை ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அமிலோயிட் இருக்கும்.

அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் 1986இல் கன்னியாஸ்திரிகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார். நோட்ர டேம் சபைச் சகோதரிகள் 678 பேர் சேர்ந்தார்கள். இறந்த பிறகு மூளையைத் தருவதாக ஒப்புக்கொண்டவர்கள். அதில் சிஸ்டர் மேரி என்பவர் நூறு தாண்டி வாழ்ந்தார். கடைசிச் சோதனை வரைக்கும் நல்ல புள்ளி எடுத்தார். இறந்த பிறகு மூளையைப் பார்த்தால் அல்ஸைமர் நோயின் அடையாளங்கள் மண்டிக் கிடந்தன. அவர் நீண்ட காலம் ஆசிரியையாக இருந்தவர். படிப்பும் புத்திக்கு வேலையும் இருந்தால் மூளை சேதத்தைத் தாங்கிக்கொண்டு ஓடும் என்பதற்கு அவரைத்தான் இன்றைக்கும் உதாரணம் காட்டுகிறார்கள்.

அந்தப் பக்கத்தை வாசித்தபோது எனக்கு வந்தது ஆச்சரியமில்லை, எரிச்சல். எங்கள் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதே 1970களில். அதற்கு முந்திய பெண் பிள்ளைகள் ஒரே அறைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பைத் தொட்டாலே பெரிது. தம்பியைப் பார்த்துக்கொள்ள நிறுத்திய பிள்ளைகள், பத்து வயசில் மலைக்குப் போன பிள்ளைகள். அவர்கள்தான் இன்றைய எழுபது, எண்பது. சிஸ்டர் மேரிக்கு இருந்த அந்தச் சேமிப்பை இவர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை.

*

மருந்து இருக்கிறதா என்று கேட்பார்கள். லெகனமப் என்ற ஊசி மருந்துக்கு 2023இல் அமெரிக்கா முழு அனுமதி கொடுத்தது, டொனனமப்புக்கு 2024இல். அமிலோயிட்டைக் கழுவி எடுக்கும். நோய் நிற்காது. லெகனமப் பதினெட்டு மாதத்தில் சரிவை 27 சதவீதம் மெதுவாக்கியது. தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாளத்தில் ஏற்ற வேண்டும். சிலருக்கு மூளை வீங்கும், இரத்தம் கசியும். அதைக் கண்காணிக்கத் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். ஆரம்ப நிலையில் உள்ளவருக்கு மட்டும்தான் பயன். முன்கூட்டியே படம் எடுப்பதில் இத்தனை வேகம் வந்ததற்கு இந்த மருந்துகளும் ஒரு காரணம். எங்களுக்கு மருந்து வராத இடத்தில், அந்த மருந்துக்கான படம் எதற்கு?

*

படத்துக்கு முன்னால் வருவது பரீட்சை. 1975இல் ஃபோல்ஸ்டைன் தம்பதி ஒரு சக மருத்துவரோடு சேர்ந்து செய்த 30 புள்ளிச் சோதனை உலகமெல்லாம் போயிருக்கிறது. இன்றைக்கு என்ன திகதி, என்ன பருவகாலம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறை, ஒரு வசனம் எழுது, இந்த ஐங்கோணங்களைப் பார்த்து வரை. பென்சிலே பிடிக்காத கையில் ஐங்கோணம் கோணலாக வந்தால் அது மூளையின் குற்றமா?

திகதி தெரியாத கிழவிக்கு சம்பள நாள் தெரியும், அட்வான்ஸ் நாள் தெரியும், மாரியம்மன் கோயில் வெள்ளிக்கிழமை தெரியும், கிளினிக் நாள் தெரியும். காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்ற எத்தனை நாள் என்று கேட்டால் விரல் மடித்துச் சொல்வார். நூறிலிருந்து ஏழு போகாது. ஆனால் "நோர்ம் 18 கிலோ, காலைக் கொழுந்து 11. பேர் விழ இன்னும் எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள், பேர் என்றால் முழு நாள் சம்பளம். இந்தக் கேள்விகளில் அவர் தடுமாறத் தொடங்கினால்தான் நான் பயப்படுவேன்.

*

மொன்றியலில் சியாட் நஸ்ரெடீன் 2005இல் வெளியிட்ட இன்னொரு சோதனையும் உண்டு. ஆரம்ப நிலை மறதியை இது நன்றாகப் பிடிக்கும் என்பார்கள். சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகம் படம் காட்டிப் பெயர் கேட்பார்கள். யாழ்ப்பாணத்து மருத்துவர்கள் இதை இலங்கைத் தமிழுக்கு மாற்றிச் சோதித்திருக்கிறார்கள், நல்ல வேலை. மூலச் சோதனையில் ஒரு சலுகை இருக்கிறது. பன்னிரண்டு வருஷமோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு புள்ளி சேர்த்துப் போடலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கும் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவருக்கும் அதே ஒரு புள்ளி.

படத்தை ஒப்பிட உலகம் முழுவதும் பாவிக்கிற மாதிரி மூளையும் மொன்றியலில் செய்ததுதான். இந்தியர் மூளை அதற்குப் பொருந்துகிறதா என்று ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யில் ஜயந்தி சிவசாமியின் குழு சோதித்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனத்தாரும் சேர்ந்துகொண்டார்கள். சுகதேகிகளான நூறு இளைஞர்களின் எம்.ஆர்.ஐ.யை வைத்து 2019இல் ஓர் இந்திய மூளை வரைபடத்தை வெளியிட்டார்கள். இந்தியர் மூளை உயரம், அகலம், கன அளவு எல்லாவற்றிலும் சராசரியாகச் சிறியதாக இருந்தது. அதனால் புத்தி குறைவு என்று யாரும் சிரிக்க வேண்டாம், அப்படி ஒன்றுமில்லை. ஆனால் மொன்றியல் மூளைக்குப் பக்கத்தில் வைத்துக் கணினி பார்த்தால் சுகமான மூளையையும் சுருங்கியதென்று சொல்ல இடமிருக்கிறது.

இதைச் சரி செய்ய ஒரே வழி, நம்மைப் போன்றவர்களையே நிறையப் பேரை, சுகமாக இருக்கும்போதே படம் எடுத்து வருஷக்கணக்கில் பின்தொடர்வது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் உள்ள மூளை ஆய்வு மையம் அதைச் செய்கிறது. கோலார் மாவட்டம் ஸ்ரீநிவாசபுரம் வட்டாரத்துக் கிராமங்களில் 45 வயதுக்கு மேற்பட்ட பத்தாயிரம் பேரைப் பின்தொடர்வது திட்டம். 2018இல் ஆரம்பித்தது. இரத்தம், மரபணு, நினைவுச் சோதனை, எம்.ஆர்.ஐ. எல்லாம் உண்டு. விவசாயக் கூலிகள், எழுத்தறியாதவர்கள் நிறையப் பேர். என் ஆட்களுக்கு மிக நெருங்கிய ஆய்வு அதுதான். அங்கே வருகிற விடை இங்கேயும் ஓரளவு பொருந்தும் என்று நம்புகிறேன்.

*

வேலூர்க் கணக்கு. இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

வறிய நாடுகளில் மறதி நோயை ஆராய 10/66 என்றொரு ஆய்வுக் குழு. உலக நோயாளரில் 66 சதவீதம் வளரும் நாடுகளில், ஆனால் ஆய்வில் பத்துச் சதவீதம்கூட அவர்களைப் பற்றியதில்லை என்பதால் வந்த பெயர். இந்தியாவில் அவர்கள் பார்த்த இடங்கள் சென்னையும் வேலூர்க் கிராமங்களும். 2008இல் முடிவு வந்தது. அமெரிக்க மனநலக் கையேட்டின்படி பார்த்தால் அந்தக் கிராமங்களில் 65 வயதைத் தாண்டியவர்களில் நோயாளிகள் 0.3 சதவீதம். கியூபாவில் 6.3. ஆஹா, நம் ஊரில் நோயே இல்லை என்று நினைத்திருக்கலாம். அதே முதியவர்களைப் படிப்பறிவு குறைந்தவர்களுக்கென்று செய்த முறையில் அளந்தபோது பல மடங்கு கூடியது.

ஏன்? கையேட்டின்படி நோய் என்று சொல்ல, அன்றாட வாழ்க்கை கெட்டிருக்க வேண்டும். வீட்டாரிடம் கேட்டால் "ஒரு குறையும் இல்லைங்க" என்றார்கள். சமைப்பது மருமகள், கடைக்குப் போவது பேரன், காசு எண்ணுவது மகன். கிழவி திண்ணையில் இருக்கிறாள். எது கெட்டது என்று தெரியும்?

லயத்துக் காம்பராவும் அப்படித்தான். ஒரு அறை, ஒரு இஸ்தோப்பு, ஏழெட்டுப் பேர். எல்லாவற்றையும் யாரோ ஒருவர் செய்துவிடுவார். வேலைக்குப் போகிறவரிடமும் தெரியாது. கொழுந்து எடுப்பது கைக்குப் பழகிய வேலை. பழக்கத்தின் நினைவு மூளையில் வேறு இடத்தில் இருக்கிறது, அல்ஸைமர் அங்கே கடைசியில்தான் போகும். முந்தாநாள் நடந்தது மறந்தவரின் விரல் இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளிக்கொண்டே இருக்கும்.

அதனால் கேட்கிற கேள்வி மாற வேண்டும். டன்சினன் மருமகளிடம், மாமியார் முதலில் எப்போது மாறினார் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "வேலய விடுறதுக்கு முந்தியே சேர். நிரைய விட்டுட்டுப் பக்கத்து ஆளோட நிரையில எறங்கிருவாங்களாம், கங்காணி ஏசுவாரு. தேத்தண்ணிக்கு ரெண்டு தரம் சீனி போடுவாங்க. எங்க மாமி கைக்கணக்குல கெட்டி, தராசுல ஒரு கிலோ கொறஞ்சாலும் சண்ட புடிப்பாங்க. அத விட்டாங்க பாருங்க, அப்பவே எனக்குச் சந்தேகம்."

எந்த ஸ்கேனும் கொடுக்காத தகவல் இது. ஆஸ்பத்திரியில் யாரும் அவரைக் கேட்கவில்லை. உள்ளே மகனைத்தான் கூப்பிட்டார்கள்.

*

இலங்கைக் கணக்கும் உண்டு. ராகமையில் ஒரு கணக்கெடுப்பு, 2003இல் வெளிவந்தது. அசித டி சில்வா, குணதிலக்க ஆகியோர் செய்தது. 65 வயதுக்கு மேற்பட்ட 703 பேரில் ஏறத்தாழ 4 சதவீதம் பேருக்கு மறதி நோய். கொழும்புக்குப் பக்கத்து அரை நகரம் அது. லயத்துக் கிழவி அந்தக் கணக்கில் இல்லை.

*

இவ்வளவும் எழுதியதால் ஸ்கேனே வேண்டாம் என்கிறேன் என்று நினைக்கக்கூடாது. வேண்டும். எதற்கு வேண்டும் என்பதில்தான் எனக்கு வழக்கு.

லயத்துப் படியில் கிழவர் வழுக்கி விழுகிறார். மழையில் பாசி பிடித்த கல். தலையில் சின்ன வீக்கம், தைலம் தேய்த்து விடுகிறார்கள். சில வாரம் கழித்து ஆள் மந்தமாகிறார், பேச்சுக் குழறுகிறது, கேட்டதையே கேட்கிறார். வயசாச்சு என்கிறார்கள். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் இரத்தம் மெல்ல மெல்லக் கட்டி மூளையை அழுத்தியிருக்கும். சாதாரண சி.டி.யில் பளிச்சென்று தெரியும். ஓட்டை போட்டு இரத்தத்தை எடுத்தால் பலர் பழைய ஆளாக எழும்பி வருகிறார்கள். குடிக்கிறவர்களுக்கும், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர்களுக்கும் இது வர வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று, மூளைக்குள் நீர் தேங்குவது. நடை ஒட்டி ஒட்டிப் போகும், சிறுநீர் அடங்காது, மறதி வரும். மூன்றும் சேர்ந்து வந்தால் யோசிக்க வேண்டும். கொலம்பியா நாட்டு மருத்துவர் சாலமோன் ஹக்கீம் 1965இல் எழுதி உலகுக்குச் சொன்னது. குழாய் வைத்து நீரை வடித்தால் பலருக்கு நடை திரும்பும். கட்டியையும் படம் காட்டும். படத்தில் தெரியாத இரண்டு, பி12 குறைவும் தைராய்டுக் குறைவும். இரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரியும், மருந்தும் மலிவு.

இவற்றைத் தேடிப் படம் எடுக்க மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பது அநியாயம். தனியாரிடம் எடுக்கலாமே என்கிறார்கள். எத்தனை நாள் பேர் அதற்குப் போகும் என்று கணக்குப் போட்டுவிட்டுப் பேச வேண்டும்.

*

மகனுக்கு நான் விளக்கிச் சொன்ன ஒரே வரி, வெள்ளைத் திட்டுகள். மற்ற மூன்று வரியும் இருக்கிறது, இல்லை என்பதோடு முடிந்துவிடும். இது செய்ய வேண்டியதைச் சொல்கிறது. கூடின பிரஷர் வருஷக்கணக்கில் சின்னக் குழாய்களை அடித்து அடித்துப் பழுதாக்கியதன் தடம் அது. சீனி வருத்தமும் புகையிலையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அம்மாவின் கிளினிக் கொப்பியைப் புரட்டினேன். மேல் எண் 170, 165, 180. நடுவில் பல மாதம் காலி. "மாத்திரை போட்டா தல சுத்துது, நிப்பாட்டிட்டாங்க." வெற்றிலைப் பையில் புகையிலை எப்போதும் உண்டு.

அமெரிக்காவில் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்த சோதனை ஒன்று 2019இல் வந்தது. மேல் எண்ணை 120க்குக் கீழே கொண்டுவந்தவர்களுக்கு, 140க்குக் கீழே வைத்திருந்தவர்களைவிட நோய்க்கு முந்திய மறதி நிலை 19 சதவீதம் குறைந்தது. எம்.ஆர்.ஐ.யில் வெள்ளைத் திட்டு வளர்வதும் குறைந்தது. நம் பக்கத்திலும் ஒரு சோதனை நடந்திருக்கிறது. இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் மூன்றிலும் முப்பது கிராமங்களில் சுகாதாரப் பணியாளர் வீடு வீடாகப் போய்ப் பிரஷர் பார்த்து, மாத்திரையை விடாமல் போடச் சொல்லி, தேவையென்றால் டொக்டரிடம் அனுப்பினார்கள். 2020இல் முடிவு வந்தது. மற்றவர்களைவிட மேல் எண் ஐந்து புள்ளி கூடுதலாக இறங்கியது. எந்திரமாக அவர்கள் கொண்டுபோனது பிரஷர் பார்க்கிற கருவி.

*

லான்செட் ஆணைக்குழு 2024இல் 14 காரணங்களைப் பட்டியல் போட்டது. எல்லாவற்றையும் சரி செய்தால் உலகத்து மறதி நோயில் 45 சதவீதம் வரையில் தடுக்கலாம் அல்லது தள்ளிப் போடலாம் என்கிறார்கள். அதில் எங்கள் தோட்டத்துக்கு நேராகப் பொருந்துவது: படிப்பில்லாமை, பிரஷர், சீனி, குடி, புகை, தலையில் அடி, கண் மங்கல், காது கேளாமை. ஸ்டோரில் வருஷக்கணக்கில் நின்ற எத்தனை பேருக்குக் காது ஒழுங்காகக் கேட்கிறது? கேட்காததை மறந்துவிட்டார் என்று கணக்குப் போடுவதும் நடக்கிறது.

*

இனி வரப்போவது இரத்தப் பரிசோதனை. டவு என்கிற புரதத்தின் ஒரு வகையை இரத்தத்தில் அளந்தால் மூளையில் அமிலோயிட் இருக்கிறதா என்று ஓரளவு நிச்சயமாகச் சொல்லலாம். 2025 மே மாதம் அமெரிக்கா அப்படி ஒன்றை முதன்முதலாக அனுமதித்தது. இது வந்தால் கிழவி பஸ் ஏற வேண்டாம், இரத்தம் மட்டும் போய் வரலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அந்த அளவு தானாகவே கூடித் தெரியும் என்பதை மட்டும் ஞாபகம் வைக்க வேண்டும். இந்த நாட்டில் அந்த நோயாளிகள் குறைவில்லை.

*

டன்சினன் மகனுக்குச் சொன்னது: "வருத்தம் இல்லன்னு இல்ல தம்பி. ஒடனே ஒபரேஷன் பண்ற மாதிரி ஒன்னும் இல்ல, அவ்வளவுதான். இருக்கிற வருத்தத்துக்கு நாளைக்கே பிரஷர் மாத்திரையத் திரும்ப ஆரம்பிக்கணும். தல சுத்துதுன்னா டொக்டர்கிட்ட சொல்லி மாத்துங்க, நீங்களா நிப்பாட்டாதீங்க." இரத்தத்தில் பி12, தைராய்டு பார்க்கக் கேட்கச் சொன்னேன். இரவில் கதவுக்கு உள் தாழ்ப்பாள் மேலே போடச் சொன்னேன். அடுத்த கிளினிக்குக்கு மனைவியையும் கூட்டிப் போகச் சொன்னேன், அவர்தான் சாட்சி என்று.

இதை வாசிக்கிறவர்களில் தோட்ட வைத்திய உதவியாளரோ குடும்பநல உத்தியோகத்தரோ இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிரஷர் பார்க்கிற அதே மேசையில், கூட வந்த மருமகளிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: போன வருஷம் செய்த எதை இவர் இப்போது விட்டுவிட்டார்? தெரிந்த வழியில் எங்கேயாவது தவறினாரா? பதிலைக் கிளினிக் கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். படம் எடுக்க அனுப்பும்போது, வயது உத்தேசம் என்றால் அதையும் அந்தத் துண்டில் எழுதி அனுப்புங்கள்.